பனியன் கம்பெனியின் வாட்ஸ்அப்: எண்ணிலிருந்து சலான் வரை

திருப்பூரில் முப்பது, நாற்பது தையல் இயந்திரங்களை வைத்து நடக்கும் ஒரு பனியன் கம்பெனியின் வேலை இன்று பெரும்பாலும் வாட்ஸ்அப்பிலேயே நகர்கிறது. நிட்டிங் முடிந்த துணி எத்தனை கிலோ, சாயமிடும் டையிங் யூனிட்டிலிருந்து எந்த லாட் வந்திருக்கிறது, பிரிண்டிங்குக்குப் போன பீஸ் திரும்பியதா, ஆர்டர் கொடுத்த பையர் சாம்பிளை ஏற்றுக்கொண்டாரா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை யாரோ ஒருவருடைய கைபேசியில் இருக்கிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கைபேசியும், அதிலுள்ள எண்ணும், உரையாடல்களின் காப்புநகல் போய்ச் சேரும் கூகுள் கணக்கும் ஊழியருக்குச் சொந்தமானவை. கம்பெனிக்குச் சொந்தமாக இருப்பது நாளைக்கு எழுதலாம் என்று ஒதுக்கி வைத்த ஆர்டர் பதிவேடு மட்டுமே. வாட்ஸ்அப்பை விட்டுவிட வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை, சொன்னாலும் நடக்காது. அதன் மீதான உரிமையைக் கம்பெனியின் பக்கம் கொண்டுவருவது எப்படி என்பதே இங்கு பார்க்கப்போவது. வேலையின் ஒரு பகுதியை வெளியே ஜாப் ஒர்க் கொடுத்து வாங்கும் சிவகாசி அச்சகத்துக்கும் கோவை வார்ப்படப் பட்டறைக்கும் இவற்றுள் பெரும்பகுதி பொருந்தும்.

எண் யாருடையது?

முதலில் செய்ய வேண்டியது, கம்பெனிக்கென்று தனி எண் வாங்குவது. சிம் கார்டு உரிமையாளரின் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ இருக்க வேண்டும். பையரோடு பேசி ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசரின் பெயரிலோ கணக்குப் பிள்ளையின் பெயரிலோ இருக்கக் கூடாது. ஏனென்றால் வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை சிம் யாரிடம் இருக்கிறதோ அவரே கணக்கின் உரிமையாளர். வேலையை விட்டுப் போகும் ஒருவர் தம் சொந்த எண்ணை எடுத்துக்கொண்டு போவதைத் தடுக்க உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, அந்த எண்ணையே நான்கு ஆண்டுகளாகப் பையர்களுக்குக் கொடுத்து வந்திருந்தாலும் சரி.

அந்த எண்ணில் சாதாரண வாட்ஸ்அப்பை நிறுவாமல், 2018 ஜனவரியில் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை நிறுவுங்கள். அதுவும் இலவசமே. ஒரே கைபேசியில் சொந்த எண்ணுக்குச் சாதாரணச் செயலியும் கம்பெனி எண்ணுக்குப் பிசினஸ் செயலியும் அருகருகே இயங்கும். அலுவலகத்தின் தரைவழித் தொலைபேசி எண்ணைக்கூட அதில் பதிவுசெய்யலாம். சரிபார்ப்புக் குறியீடு குறுஞ்செய்திக்குப் பதிலாக அழைப்பில் வரும். உரையாடல்களுக்கு லேபிள் ஒட்டும் வசதி இதில் இருப்பது பெரிய உபயோகம். சாம்பிள் நிலை, உற்பத்தியில், பணம் நிலுவை என்று மூன்று லேபிள்கள் போட்டு வைத்தாலே காலையில் யாரைத் துரத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். தானியங்கி வரவேற்புச் செய்தியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பத்தாண்டுகளாகப் பழகும் நூல் வியாபாரிக்கு 'தங்கள் வரவு நல்வரவாகுக' என்று இயந்திரம் பதில் அனுப்புவதில் யாருக்கும் லாபமில்லை.

ஒரு கணக்கை முதன்மைக் கைபேசியோடு சேர்த்து மேலும் நான்கு சாதனங்களில் திறந்து வைக்க முடியும். ஆகவே மெர்ச்சண்டைசரின் கணினி, பேக்கிங் பிரிவின் கணினி எல்லாவற்றிலும் கம்பெனி எண்ணையே லிங்க்டு டிவைசஸ் (இணைந்த சாதனங்கள்) என்ற வசதி வழியாக இணைத்துவிடலாம். ஒவ்வொருவரும் செய்தியின் கடைசியில் தம் பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டும் என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினால் யார் எழுதியது என்ற குழப்பம் வராது. முதன்மைக் கைபேசியைப் பதினான்கு நாட்கள் தொடாமல் வைத்திருந்தால் இணைந்த சாதனங்கள் தாமாகவே வெளியேறிவிடும் என்பதையும், ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடக் கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எண் போனால் அதன் வாட்ஸ்அப் கணக்கும் உடன் போகும்.

பூட்டுகள்

வாட்ஸ்அப்பில் 2016 முதல் எல்லா உரையாடல்களும் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுகின்றன. அனுப்புபவரின் கைபேசிக்கும் பெறுபவரின் கைபேசிக்கும் இடையில் எவரும், வாட்ஸ்அப் நிறுவனமே ஆனாலும், படிக்க முடியாது என்பது அதன் பொருள். இதைப் பலர் முழுப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். மறையாக்கம் செய்தியை வழியில் காக்கிறது. இரு முனைகளிலும் நடப்பதற்கு அது பொறுப்பல்ல. மேசைமேல் திறந்து கிடக்கும் கைபேசியையோ, எதிர்முனையில் எடுக்கப்படும் ஸ்கிரீன்ஷாட்டையோ, தவறான குழுவுக்குப் போன விலைப்பட்டியலையோ அது தடுக்காது. சிறு நிறுவனங்கள் இழப்பதெல்லாம் பெரும்பாலும் இந்த முனைகளில்தான்.

எனவே கம்பெனி எண்ணில் இரு படிச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்க எண் ஒன்றை அமைத்து, உரிமையாளரின் மின்னஞ்சலையும் அதில் சேர்த்துவிடுங்கள். இது இருந்தால், குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டை யாரேனும் ஏமாற்றி வாங்கினாலும் கணக்கைத் திறக்க முடியாது. மின்னஞ்சல் சேர்க்காமல் அந்த ஆறு இலக்கங்களை மறந்துவிட்டால், மீண்டும் உள்ளே போக ஏழு நாட்கள் காத்திருக்க நேரிடும். ஷிப்மெண்ட் வாரத்தில் ஏழு நாட்கள் எவ்வளவு என்பதை விளக்க வேண்டியதில்லை.

லிங்க்டு டிவைசஸ் பட்டியலை வாரம் ஒருமுறை, சனிக்கிழமை சம்பளம் போட்ட பிறகு என்று நாள் குறித்துக்கொண்டு, திறந்து பாருங்கள். தெரியாத கணினியோ உலாவியோ அதில் இருந்தால் உடனே வெளியேற்றுங்கள். இப்போது நடக்கும் ஏமாற்றுகளில் ஒன்று, கடவுச்சொல்லைத் திருடாமலேயே இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்கிறது: தெரிந்தவர் எண்ணிலிருந்தே ஒரு இணைப்பு வரும், புகைப்படத்தைப் பார்க்க எண்ணை உள்ளிடச் சொல்லும், பிறகு ஒரு குறியீட்டைக் காட்டி வாட்ஸ்அப்பில் போடச் சொல்லும். போட்டால் திருடனுடைய கணினி உங்கள் கணக்கில் இணைந்த சாதனமாகிவிடும். உங்கள் வாட்ஸ்அப் வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருப்பதால் எதுவும் தெரியாது. நீங்களாக ஒரு கணினியை இணைக்கும்போதும், எண்ணைக் கைபேசியில் பதிவுசெய்யும்போதும் தவிர, வேறு எந்தச் சமயத்திலும் எந்தக் குறியீட்டையும் வாட்ஸ்அப்பில் உள்ளிடத் தேவையில்லை என்பதை அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

கூகுள் கணக்குக்குப் போகும் காப்புநகல் தானாகவே முனைக்கு முனை மறையாக்கம் பெறுவதில்லை. அதை அமைப்புகளில் தனியாக இயக்க வேண்டும். அப்போது அமைக்கும் கடவுச்சொல்லை எழுதி உரிமையாளரின் பீரோவில் வையுங்கள். மறந்தால் மீட்டுத்தர யாராலும் முடியாது. காப்புநகல் கம்பெனிக்கென்று தொடங்கிய கூகுள் கணக்குக்குப் போக வேண்டும். புகைப்படங்கள் தாமாகவே கைபேசியின் கேலரியில் சேர்வதையும் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த பருவத்தின் டிசைன்கள் குடும்பப் புகைப்படங்களுக்கு நடுவில் கிடக்கும்.

குழுக்களைப் பிரிப்பது

'கம்பெனி ஃபேமிலி' என்ற பெயரில் எல்லோரையும் போட்டு வைத்த ஒரே குழுதான் பெரும்பாலான இடங்களில் இருக்கிறது. அதில் காலை வணக்கப் பூக்களும், விடுப்புக் கேட்கும் குரல் செய்திகளும், பையர் அனுப்பிய அளவு சார்ட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. இதை மூன்று வகையாகப் பிரித்தால் போதும். அறிவிப்புக் குழு ஒன்று: நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும், விடுமுறை, ஷிஃப்ட் நேரம், சம்பள நாள் ஆகியவை மட்டும் அதில் வரும். ஆர்டருக்கு ஒரு குழு: பையரின் பெயரையும் ஸ்டைல் எண்ணையும் (ஆடை வடிவத்துக்குக் கொடுக்கும் எண்) சேர்த்துப் பெயரிட்டு, அந்த ஆர்டரைத் தொடும் ஐந்தாறு பேரை மட்டும் சேர்த்து, சரக்குப் போய்ப் பணம் வந்ததும் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து, அதாவது தனிக் கோப்பாக எடுத்து, வைத்துக்கொண்டு குழுவை மூடிவிடலாம். வெளியாட்களோடு பேசுவது மூன்றாவது வகை: டையிங், பிரிண்டிங், எம்பிராய்டரி யூனிட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. இரண்டு பிரிண்டிங் யூனிட்களை ஒரே குழுவில் சேர்த்தால் ஒருவருடைய விலை மற்றவருக்குத் தெரிவது ஒருபுறமிருக்க, உங்கள் பையர் யார் என்பது இருவருக்கும் தெரிந்துவிடும். பூக்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் பழைய குழு அப்படியே இருக்கட்டும். அதைத் தடைசெய்தால் அவை ஆர்டர் குழுவுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

குழுவின் அமைப்புகளை மாற்றும் உரிமை தொடக்கத்தில் எல்லா உறுப்பினர்களுக்கும் இருக்கும். அதை நிர்வாகிகளுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். மறையும் செய்திகள் என்ற வசதியை யாரேனும் தெரியாமல் இயக்கிவிட்டால், 24 மணி நேரத்திலோ 7 அல்லது 90 நாட்களிலோ ஆர்டர் விவரங்கள் அழிந்துகொண்டே போகும். புதிய உறுப்பினரை நிர்வாகியின் ஒப்புதலோடு மட்டுமே சேர்க்கும் வசதியையும் இயக்குங்கள். அழைப்பு இணைப்பை எங்கேனும் பகிர்ந்திருந்தால் அதை மாற்றியமையுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு நிர்வாகிகளாவது இருக்க வேண்டும். அவர்களில் ஒன்று கம்பெனி எண்.

செய்தியை எழுதும் முறை

'அண்ணா அந்த நேவி எப்ப வரும்' என்ற செய்தியை அனுப்ப மூன்று நொடி போதும். எந்த நேவி, எந்த ஸ்டைல், யார் பதில் சொல்ல வேண்டும் என்று விசாரிப்பதில் ஐந்து பேருடைய அரை மணி நேரம் போய்விடும். முதல் வரியில் ஸ்டைல் எண்ணும் நிறமும், பிறகு எத்தனை பீஸ், எங்கிருந்து எங்கே, எப்போதைக்குள், யார் பொறுப்பு என்று எழுதப் பழக்குங்கள். ஒரு மாதிரி:

'ஸ்டைல் 4127, நேவி, மொத்தம் 1,200 பீஸ். பிரிண்டிங்குக்கு இன்று போனது 600, சலான் எண் 218. மீதி 600 வியாழன் மதியம் 2 மணிக்குள் கட்டிங்கிலிருந்து வர வேண்டும். பொறுப்பு கட்டிங் மாஸ்டர்.'

முதலில் எழுதச் சலிப்பாக இருக்கும். ஆனால் ஒரு மாதம் கழித்துத் தேடும் கட்டத்தில் 4127 என்று தட்டினால் அந்த ஆர்டரின் முழு வரலாறும் வரிசையாக வந்து நிற்கும். அதைப் பார்த்த பிறகு யாரும் பழைய முறைக்குத் திரும்ப விரும்புவதில்லை.

பதில் சொல்வதற்கும் ஒரு முறை வேண்டும். கட்டைவிரல் குறிக்குப் 'பார்த்தேன்' என்று மட்டும் பொருள் கொள்ளலாம் என்றும், வேலையை ஏற்றுக்கொண்டதைச் சொற்களில், மூலச் செய்தியை மேற்கோளாக இழுத்து, எழுத வேண்டும் என்றும் முடிவு செய்யுங்கள். 'ஓகே சார்' என்பதைப் பார்த்தேன், முடித்துவிட்டேன், முயல்கிறேன் என்று மூன்று விதமாகவும் எடுத்துக்கொள்ளலாம். தகராறு வரும்போது மூன்றாவது பொருளே எடுத்துக்கொள்ளப்படும். குழுவில் போட்ட செய்தியை யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்பதை அந்தச் செய்தியின் தகவல் பகுதியில் பார்த்துக்கொள்ளலாம். படித்தால் காட்டும் குறியை அணைத்து வைத்திருப்பவருக்கும் குழுவில் அது தெரியவே செய்யும்.

அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடங்களுக்குள் திருத்தும் வசதி 2023 முதல் இருக்கிறது. எழுத்துப் பிழைக்கு அது நல்லது, எண்ணிக்கைக்கு ஆகாது. திருத்தப்பட்டது என்ற குறி தெரியுமே தவிர, முன்னர் என்ன இருந்தது என்பதை வாட்ஸ்அப் காட்டாது. 600 என்று படித்துவிட்டு மேசைக்குப் போன கட்டிங் மாஸ்டர், அது 660 ஆனதை அறிய மாட்டார். எண்ணிக்கை, அளவு, தேதி, விலை மாறினால் 'திருத்தம்' என்ற சொல்லோடு புதிய செய்தியாகத்தான் போட வேண்டும்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை பார்ப்பவர்கள் உள்ள இடத்தில் குரல் செய்தியைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு சூபர்வைசர் இந்தியில் பேசி அனுப்பும் அரை நிமிடக் குரல், நீண்ட எழுத்துச் செய்தியைவிட மேலானது. ஆனால் அதைத் தேட முடியாது என்பதால், குரலில் சொன்ன எண்களை மட்டும் கீழே ஒரு வரியாகத் தட்டிவிட வேண்டும். எண்கள் எல்லோருக்கும் படிக்கத் தெரியும்.

வாட்ஸ்அப்பில் முடிவு செய்யக் கூடாதவை

நிறத்துக்குக் கைபேசிப் புகைப்படத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள். இது பலமுறை சொல்லப்பட்டும் அவசரத்தில் மீறப்படும் விதி. டையிங் யூனிட் லேப் டிப்பை, அதாவது ஒப்புதலுக்காகச் சாயமிட்ட சிறு துணி மாதிரியை, படமெடுக்கும் அறையின் விளக்கு, அந்தக் கைபேசிக் கேமரா தானாகச் செய்யும் நிறத் திருத்தம், வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும் முறை, பார்ப்பவர் திரையின் வெளிச்சம் என நான்கு இடங்களில் நிறம் மாறுகிறது. பையர் டி65 பகல் வெளிச்சத்திலும் டிஎல்84 கடை விளக்கிலும் லைட் பாக்ஸ் என்ற விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்து முடிவு செய்யும் ஒன்றை, வெயிலில் பைக்கை நிறுத்திவிட்டுத் திரையில் பார்த்து 'ஓகே, போடுங்க' என்று சொன்னால், ஒரு லாட் முழுவதும் ஷேட் மாறி நிற்கும்போது பொறுப்பேற்க யாரும் இருக்க மாட்டார்கள். படம் வந்தால் 'படம் கிடைத்தது, துணியைப் பார்த்துச் சொல்கிறோம்' என்பதே பதில். பிரிண்ட் எந்த இடத்தில் வருகிறது, தையல் பிரிந்திருக்கிறதா, அட்டைப்பெட்டிக் குறி சரியா போன்றவற்றுக்குப் படம் தாராளமாகப் போதும். நுணுக்கம் தேவைப்படும் படத்தை டாக்குமெண்டாக அனுப்பினால் சுருங்காமல் போகும்.

விலை, ஆர்டர் உறுதி, அளவு சார்ட்டின் இறுதி வடிவம் ஆகியவை மின்னஞ்சலில் வர வேண்டும். பையர் வாட்ஸ்அப்பில் ஒரு மாற்றத்தைச் சொன்னால், அவரை எதிர்த்து வாதாடாமல், 'இன்று நீங்கள் வாட்ஸ்அப்பில் சொன்னபடி கழுத்து ரிப் 2 செ.மீ. என்று மாற்றிக்கொள்கிறோம்' என நீங்களே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. ஜாப் ஒர்க்குக்குப் போகும் துணிக்கு டெலிவரி சலான் (சரக்கோடு போகும் சீட்டு) இல்லாமல் வாட்ஸ்அப் படம் மட்டும் போதாது. வெளியே போன சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்ற ஜி.எஸ்.டி. விதிக்குச் சலானே கணக்கு. அந்தப் பதிவுகளை, ஆண்டுக் கணக்கறிக்கை தாக்கல் செய்வதற்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கவும் வேண்டும். அவ்வளவு காலம் உழைக்கும் கைபேசியை நான் பார்த்ததில்லை.

பணம்

2022 செப்டம்பரில் புனேயிலுள்ள சீரம் இன்ஸ்டிடியூட் நிறுவனத்தின் பணம் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் பறிபோனது. தலைமைச் செயல் அதிகாரியின் பெயரில் வந்த வாட்ஸ்அப் செய்திகள் சில வங்கிக் கணக்குகளுக்கு உடனே பணம் அனுப்பச் சொல்லின; அனுப்பிவிட்டார்கள். கணக்குத் துறையும் சட்டத் துறையும் உள்ள நிறுவனத்திலேயே இது நடந்ததென்றால், முதலாளி கோயம்புத்தூர் போயிருக்கும் நேரத்தில் கணக்குப் பிள்ளை ஒருவரே வங்கிச் செயலியைக் கையாளும் இடத்தில் நடப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? முகப்புப் படத்தையும் பெயரையும் எவரும் வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஒரு தொகையை நிர்ணயித்து, அதற்கு மேல் போகும் எந்தப் பணத்துக்கும் உரிமையாளரின் குரலைக் கேட்ட பிறகே விரலை வைக்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். அந்த அழைப்பைச் செய்ய வேண்டியவர் கணக்குப் பிள்ளை. வந்த அழைப்பை எடுத்துக் கேட்பது கணக்கில் சேராது. முதலாளியே திட்டினாலும் விதி விதிதான் என்பதை முதலாளி முன்கூட்டியே சொல்லியிருந்தால்தான் கீழே இருப்பவருக்குத் தைரியம் வரும்.

நூல் மில்லோ டையிங் யூனிட்டோ வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று செய்தி அனுப்பினால், அந்தச் செய்தியில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். பழைய பில்லில் அச்சாகியுள்ள எண்ணை அழைத்துக் கேளுங்கள். பணம் பெறுவதற்கு கியூஆர் குறியை ஸ்கேன் செய்யவோ யூபிஐ பின்னைப் போடவோ தேவையே இல்லை. அப்படிச் செய்யச் சொல்பவர் பணம் எடுக்க வந்தவர். திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராத ரசீது, வங்கிக் கே.ஒய்.சி. என்ற பெயர்களில் ஏ.பி.கே. என முடியும் கோப்பு வந்தால் அது ஒரு செயலி. அழைப்பிதழ் ஒருபோதும் செயலியாக வராது. கம்பெனி எண் உள்ள கைபேசியில் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவ முடியாதபடி அமைத்துவிடுங்கள்.

ஊழியர்களின் தாள்கள்

பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவுக்காக ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் படமெடுத்துக் குழுவில் போடச் சொல்லும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். அந்தப் படம் குழுவிலுள்ள அத்தனை கைபேசிகளிலும் தங்கிவிடுகிறது. தனிச் செய்தியாகக் கம்பெனி எண்ணுக்கு வாங்கி, கணினியில் கடவுச்சொல் உள்ள கோப்புறையில் சேர்த்துவிட்டு, உரையாடலிலிருந்து நீக்குங்கள். முழு எண் தேவைப்படாத இடங்களில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரே போதும். ஆதார் இணையதளத்திலேயே அதைத் தரவிறக்கலாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டம் வந்திருப்பதால் இது இனி நன்னடத்தை சார்ந்தது மட்டும் அன்று.

செய்தி ஆதாரமாகும் நாள்

சரக்கு சரியில்லை என்று மூன்று மாதம் கழித்துச் சொல்லிப் பணத்தைப் பிடித்தம் செய்வது இத்தொழிலில் புதிதல்ல. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், சரக்கு வாங்கியவர் 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், சரக்குப் போய்ச் சேர்ந்த நாளையே ஏற்றுக்கொண்ட நாளாகக் கொள்கிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தர 45 நாட்களுக்கு மேல் கெடு வைக்க முடியாது. ஆகவே சரக்கு இறங்கியதும், சலான் படத்தோடும் தேதியோடும் ஒரு செய்தி போட்டு, 'பெற்றுக்கொண்டோம்' என்ற பதிலை வாங்கிவிடுவது எதிர்காலத்தில் பெரிய உதவியாக இருக்கும்.

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது அதற்குரிய சான்றிதழையும் கேட்கிறது. வெறும் ஸ்கிரீன்ஷாட்டை அச்சிட்டுக் கொடுப்பதை நம்பியிருக்க வேண்டாம். தகராறு எழும் அறிகுறி தெரிந்த உடனேயே அந்த உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வைப்பதும், மூல உரையாடல் உள்ள கைபேசியை விற்காமலும் ஃபார்மட் செய்யாமலும் வைத்திருப்பதும், பிறகு வழக்கறிஞரைப் பார்ப்பதும் சரியான வரிசை.

ஊழியர் விலகும்போதும் கைபேசி தொலையும்போதும்

விலகுபவரைக் குழுவிலிருந்து நீக்கினால் இனி வரும் செய்திகள் மட்டுமே அவருக்குப் போகாது. பழையவை அவர் கைபேசியில் அப்படியே இருக்கும். இதனால்தான் பையரோடு பேசுவது தொடக்கம் முதலே கம்பெனி எண்ணில் நடக்க வேண்டும் என்பது. கடைசி நாளில் அவர் பயன்படுத்திய கணினியை லிங்க்டு டிவைசஸ் பட்டியலிலிருந்து வெளியேற்றி, ஆறு இலக்க எண்ணை மாற்றி, அவர் கையாண்ட வெளி யூனிட்களுக்கும் பையர்களுக்கும் இனி யாரைத் தொடர்புகொள்வது என்று கண்ணியமாக ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். அவரைக் குறைசொல்லும் ஒரு சொல்கூட அதில் வேண்டாம். திருப்பூர் சிறிய ஊர். அடுத்த ஆண்டு அவரே உங்கள் பையரின் பையிங் ஆபீசில் உட்கார்ந்திருக்கக் கூடும்.

கைபேசி தொலைந்தால் முதல் வேலை சிம்மை முடக்கச் சொல்வது. பிறகு அதே எண்ணில் மாற்று சிம் வாங்கி வேறு கைபேசியில் வாட்ஸ்அப்பைப் பதிவுசெய்தால் தொலைந்த கைபேசியிலுள்ள கணக்கு தானாக வெளியேறும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், அந்தக் கைபேசிக்கே உரிய அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்துக் கைபேசியையே முடக்கலாம். அதற்குக் காவல்துறைப் புகாரின் நகல் வேண்டும். கைபேசி கையிலேயே இருந்து கணக்கு மட்டும் பறிபோனாலும் இதே வழிதான்: உங்கள் எண்ணை மீண்டும் பதிவுசெய்தால் திருடன் வெளியேற்றப்படுவான். அதற்குள் அவன் உங்கள் பெயரில் பணம் கேட்டிருப்பான் என்பதால், வெளி யூனிட்களுக்கும் பையர்களுக்கும் அழைப்பில் தகவல் சொல்லுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால், யாரைக் குறை சொல்வது என்ற விசாரணையை ஒத்திவைத்துவிட்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் வங்கியையும் உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பிருப்பது அந்த முதல் சில மணி நேரத்தில்தான். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்யலாம்.

1930, வங்கியின் அவசர எண், சிம் நிறுவனத்தின் எண், கம்பெனிக் கைபேசியின் ஐ.எம்.இ.ஐ. எண், முக்கியமான பத்துப் பேரின் எண்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். தேவைப்படும் நாளில் கைபேசி கையில் இருக்காது.